ஆடுகள் காத்த பாதை

ஸ்பெயின் நாட்டு மேய்ப்பர்கள் தம் தலைவரை, நம்மவர் கீதாரி என்று அழைப்பவரை, 'ரபதான்' என்பர். அரபு கற்றோர்க்கு இச்சொல் அந்நியமன்று. 'ரப்புள் ளஃன்', அதாவது செம்மறியாடுகளுக்கு உரியவர் என்பதே அவ்வாறு மருவிற்று. 'ளஃன்' என்னும் சொல்லைத் திருமறையின் அல்அன்ஆம் அத்தியாயத்திலும் (6:143) நாம் ஓதுகிறோம்.

இச்சொல் நடந்து பழகியது மண்பாதைகளில். கோடையில் வடபுல மலைகளுக்கும், குளிர்காலத்தில் எஸ்திரமதுரா முதலிய சமவெளிகளுக்கும் மந்தைகள் அவ்வழியே சென்றன. இப்பாதைகளை முஸ்லிம்களே அமைத்தனர் என்று நாம் பெருமை பேச வரவில்லை. மந்தைகளின் இடப்பெயர்ச்சி அவர்களுக்கும் முற்பட்டது. 1273இல் காஸ்தீல் மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோ, மெஸ்தா என்னும் மந்தையாளர் சங்கத்திற்கு உரிமைப் பட்டயம் வழங்கினார். பெரும்பாதையின் அகலம் ஏறத்தாழ 75 மீட்டர் என வரையறுக்கப்பட்டது.

காலம் மாறிற்று. முஸ்லிம்களின் வழித்தோன்றல்களான மோரிஸ்கோக்கள் 1609 முதல் 1614 வரை நாடு கடத்தப்பட்டனர். 1836இல் மெஸ்தாவும் கலைக்கப்பட்டது. பின்னர் ஆடுகளை இரயில் சுமந்தது. கால்படாத பாதையை அண்டை வயல்கள் தின்றன. சில இடங்களில் வீடுகள் எழுந்தன. சில இடங்களில் தார்ச்சாலை படர்ந்தது.

எஞ்சியதைக் காக்க 1995இல் சட்டம் பிறந்தது. ஏறத்தாழ 1,25,000 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதைகள் பொதுச் சொத்து. இவற்றை விற்கவோ ஜப்தி செய்யவோ இயலாது. எத்தனை ஆண்டுகள் ஆண்டாலும் அனுபவ பாத்தியதை கிட்டாது. மந்தைகளுக்கே முதலுரிமை, உழவு வண்டிகளும் வழிநடையாளரும் செல்லலாம். ஆட்டின் உரோமத்திலும் சாணத்திலும் விதைகள் நெடுந்தூரம் பயணம் செய்கின்றன. ஆதலால் இவை காட்டுயிர்களுக்கும் செடிகொடிகளுக்கும் இணைப்பு வழிகள் என்பதையும் அச்சட்டம் ஏற்றுக்கொண்டது.

1994இல் தொடங்கிய விழாவொன்றில் மேய்ப்பர்கள் மத்ரீத் மாநகரின் நடுவே மந்தையை ஓட்டிச் செல்கின்றனர். ஆயிரம் ஆட்டுக்கு ஐம்பது மரவேதி என்ற பழைய வரியை நகராட்சியிடம் நாணயமாகச் செலுத்துகின்றனர். அவர்கள் கடக்கும் அல்காலா வீதியின் பெயரும் 'அல்கல்ஆ', கோட்டை என்னும் அரபுச் சொல்லே.

பட்டயம் தந்த அரசு மறைந்தது. சொல்லைத் தந்த மக்கள் துரத்தப்பட்டனர். ஆயினும் நடந்தவர்கள் நடந்துகொண்டே இருந்ததால் பாதையும் நின்றது, சொல்லும் நின்றது. நம் ஊர்ப் பொதுவழிகளையும் வீட்டுப் பழஞ்சொற்களையும் எண்ணிப் பார்ப்போமாக. எழுதி வைத்த உரிமை மட்டும் அவற்றைக் காப்பதில்லை; வழங்கி வருதலே காக்கும்.