சுரணையுள்ள சவ்வு பிறந்த கதை

சாயக்கழிவில் ஒரு சொட்டுகூட நொய்யல் ஆற்றுக்குப் போகக்கூடாது. இந்த உத்தரவை நிறைவேற்றாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதன்பின் ஊரின் பிழைப்பே ஆர்.ஓ. எனும் எதிர்ச் சவ்வூடுபரவலுக்கான சவ்வை நம்பி நிற்கிறது. அழுத்தம் கொடுத்தால் தண்ணீர் ஊடுருவிப் போய்விடும்; உப்பும் மிச்சச் சாயமும் சவ்வின் முகத்திலேயே தேங்கிப் படியும். படிவு ஏற ஏற நீர்வரத்து குறையும், கரண்டு செலவு கூடும். நிறுத்திக் கழுவியாக வேண்டும்.

ஆர்.ஓ.வை நடைமுறைக்குக் கொண்டுவந்த சவ்வு, சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும் 1960-ஐ ஒட்டிக் கலிபோர்னியாவில் செய்தது. அதற்கு வடிக்கத் தெரியும், சுற்றி நடப்பது தெரியாது.

சுரணை வந்தது வேறு வழியில். 'பினிபாம்' என்ற பாலிமர் குளிர்ந்த நீரில் கரையும், சுமார் 32 டிகிரியைத் தாண்டினால் நீரை உதறிச் சுருங்கும் என்று ஹெஸ்கின்ஸும் கில்லெட்டும் 1968-இல் எழுதினார்கள். அந்தப் பாலிமர் இழைகளைச் சவ்வின் துளைச்சுவரில் ஒட்டவைத்தால்? குளிரில் உப்பித் துளையை அடைக்கும். சூட்டில் ஒடுங்கித் திறந்துவிடும். பாலி அக்ரிலிக் அமிலத்தை ஒட்டினால் இதே வேலை காரத்திலும் அமிலத்திலும் நடக்கும்.

ஒட்டுவதில் இரண்டு முறை. வளர்ந்த இழையைக் கொண்டுவந்து பதிப்பது நாற்று நடுவது; பரப்பிலிருந்தே வளர்ப்பது நேர்விதைப்பு. முதல் முறையில், முன்னே ஒட்டிய இழைகள் பின்னே வருபவற்றுக்கு வழிவிடாததால் அடர்த்தி வராது. இரண்டாவதில் வரும். 1995 வாக்கில் மட்யாஷெவ்ஸ்கியும் சவாமோட்டோவும் தனித்தனியே கண்ட வினைமுறை, இழையின் நீளத்தையும் கைக்குள் கொண்டுவந்தது. என் கணிப்பில் சூட்சுமமே அந்த நீளத்தில்தான். குட்டையானால் துளை மூடாது. நீண்டுவிட்டால் அடைத்தது அடைத்தபடியே கிடக்கும். நெருக்கி வளர்த்தாலோ அசைய இடமிருக்காது.

2011-இலேயே கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பெரிய நம்பிக்கை தந்தது. நானோ வடிகட்டிச் சவ்வின் மேல் இழை வளர்த்து, நுனிகளில் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைக் கோத்தார்கள். மாறிமாறி வரும் காந்தப்புலத்தில் இழைகள் ஆடி, முகத்தில் தேங்கிய உப்பைக் கலக்கிவிட்டன. நீர்வரத்து கூடியது, உப்பைத் தடுக்கும் திறனும் கூடியது.

அது உப்புக் கரைசலில் நடந்த ஆய்வகச் சோதனை. சாயக்கழிவில் வேறு பலதும் கலந்திருக்கும். அமிலமும் காரமும் ஊற்றி மறுபடி மறுபடி கழுவும்போது இழை பிடித்து நிற்க வேண்டும். சுருட்டிய சவ்வின் முழுப் பரப்பிலும் ஒரே சீராக வளர வேண்டும். ஜவுளி ஆராய்ச்சிக்கென்றே சிட்ரா இருக்கும் கோவையிலிருந்து திருப்பூர் ஒரு மணி நேரப் பயணம்தான். இந்தச் சோதனையை இங்கே, அசல் கழிவிலேயே செய்து பார்க்க வேண்டும்.