கத்திப் போட்டிக்கு நடுவர் எங்கே கிடைப்பார்?

போன மாதம் வகுப்பில் ஒரு சின்னப் போட்டி நடத்தினோம். பரிசுப் பணம் சேர்ந்தது, கோப்பையும் வந்தது... நடுவர்தான் கிடைக்கவில்லை! விஷயம் தெரிந்தவர்களுக்கெல்லாம் போட்டியில் யாரோ வேண்டியவர் இருந்தார். வேண்டியவர் யாரும் இல்லாதவருக்கு விஷயம் தெரியவில்லை. தணிக்கையாளருக்கும் நிறுவனத்துக்கும் கொடுக்கல் வாங்கல் இருக்கக் கூடாது என்று பக்கம் பக்கமாகப் படிக்கிற காமர்ஸ் மாணவர்கள் நாங்கள். இதே தலைவலி கத்தி செய்பவர்களுக்கு நம்மைவிடப் பெரிது. கத்தியை எடை போட இன்னொரு கத்திக்காரரால்தான் முடியும், அவரோ பெரும்பாலும் தொழில் போட்டியாளர்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் கத்திக்குப் பெயர் பெற்றது. அங்கே 1624-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் கட்லர்ஸ் கம்பெனி என்ற சங்கம் உருவானது. அதன் நிர்வாகத்தில் 6 பேருக்கு 'சர்ச்சர்' என்றே பதவிப் பெயர், அதாவது தேடிப் பார்ப்பவர்கள். மட்டமான சரக்கு வெளியே போகாமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு. அவர்களும் கத்திக்காரர்களே. சட்டம் பின்னால் இருந்ததால் அது நடந்தது. பொழுதுபோக்காகக் கத்தி செய்பவர்களுக்கு எந்தச் சட்டம் வரும்?

இங்கேதான் அமெரிக்கக் கதை எனக்குப் பிடித்தது. 1970-களில் அங்கே கைவினைக் கத்தி செய்பவர்களில் பெரும்பாலோர் எஃகுப் பட்டையை வெட்டி, கிரைண்டரில் தேய்த்துச் செய்பவர்கள். உலையில் காய்ச்சிச் சுத்தியலால் அடித்துச் செய்பவர்கள் மிகவும் குறைவு. அந்தச் சிலரில் ஒருவர் மேரிலாந்தைச் சேர்ந்த பில் மோரன் (1925–2006). 1973-ல் ஒரு கண்காட்சியில் அவர் அடுக்கடுக்கான டமாஸ்கஸ் எஃகில் அடித்த கத்திகளை வைத்தபோது பலர் அசந்து போனார்கள். 1976-ல் அவரும் நண்பர்களும் அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியைத் தொடங்கினார்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் உலையடியில் நிற்பவர்களும் இதில் சேரலாம். சரி, இவர்களில் யார் தேறியவர் என்று யார் சொல்வது?

அவர்கள் நடுவரின் வேலையில் பாதியைக் கயிற்றுக்கும் மரத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். 'ஜர்னிமேன்' தேர்வுக்கு வருபவர் தான் அடித்த கத்தியோடு ஒரு மாஸ்டர் ஸ்மித் முன்னால் நிற்க வேண்டும். தொங்கும் ஒரு அங்குலக் கயிறு ஒரே வீச்சில் அறுபட வேண்டும். பிறகு 2-க்கு 4 அங்குல மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன்பின் சாணை பிடிக்காமல் அதே வாயால் கை முடியை மழிக்க வேண்டும். கடைசியில் கத்தியை வைஸில் கடித்து 90 டிகிரி வளைப்பார்கள். ஒடிந்தால் போச்சு. வாய் கடினமாகவும் முதுகு மிருதுவாகவும் பதம் ஏற்றியிருந்தால்தான் தாங்கும். இத்தனை நாள் உழைத்த கத்தி அங்கேயே பாழ் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது! ஆனால் பரிசோதிப்பவர் உங்கள் மாமாவாக இருந்தாலும் ஒடிந்த கத்தி ஒடிந்ததுதான்.

அழகை அப்படி அளக்க முடியாது. பிடியும் காப்பும் இடைவெளி இல்லாமல் பொருந்தியிருக்கிறதா, இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கக் கண் வேண்டும். கண் என்றாலே அபிப்பிராயம் வந்துவிடும். அதனால் மீதிப் பாதிக்கு ஐந்து கத்திகளைப் பல மாஸ்டர் ஸ்மித்கள் கொண்ட குழு பார்க்கிறது. ஒருவருக்குப் பிடிக்காவிட்டாலும் மற்றவர்கள் இருக்கிறார்கள்.

2015-ல் தொடங்கிய 'ஃபோர்ஜ்ட் இன் ஃபயர்' தொலைக்காட்சிப் போட்டி வேறு வழியில் போனது. பரிசு 10,000 டாலர். ஆரம்ப நடுவர்கள் மூன்று பேர்: மாஸ்டர் ஸ்மித் ஜே நீல்சன், பழைய ஆயுதங்களின் வரலாறு அறிந்த டேவிட் பேக்கர், ஃபிலிப்பைன்ஸ் தற்காப்புக் கலை ஆசிரியர் டக் மார்கைடா. அடிப்பவர், வரலாறு தெரிந்தவர், பிடித்து வீசுபவர் என்று மூவருக்கும் மூன்று பார்வை. பிற்பாடு நடுவர் நாற்காலி காலியானபோது அங்கே உட்கார்ந்தவர்களில் ஒருவர் பென் அபாட். அதே போட்டியில் இரண்டு முறை ஜெயித்தவர் :)