ஒக்டோபர் 4: ஒரு திகதியின் கதை



1582 ஆம் ஆண்டு ஒக்டோபர் 4 ஆம் திகதி, வியாழக்கிழமை. அன்றிரவு இத்தாலியிலும் ஸ்பெயினிலும் உறங்கச் சென்ற மக்கள் மறுநாட் காலை கண்விழித்தபோது, திகதி ஒக்டோபர் 15 ஆகியிருந்தது. இடையிலிருந்த பத்து நாள்கள் நாட்காட்டியினின்றும் நீக்கப்பட்டுவிட்டன.

காரணம் யாது? யூலியஸ் சீசர் வகுத்த நாட்காட்டி, ஓராண்டை 365 நாளும் 6 மணியும் எனக் கொண்டது. உண்மையான பருவ ஆண்டோ அதனிலும் ஏறத்தாழ 11 நிமிடம் குறைந்தது. அச்சிறு பிழை பல நூற்றாண்டுகளாகத் திரண்டு, மார்ச் 21 ஐ ஒட்டி வரவேண்டிய இரவும் பகலும் ஒத்த நாளை மார்ச் 11 அளவிற்குப் பின்தள்ளிவிட்டது. அந்நாளைக் கொண்டே ஈஸ்டர்த் திருநாள் கணிக்கப்பட்டமையால், பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகரி, லிலியஸ் என்னும் இத்தாலிய மருத்துவர் வகுத்த திருத்தத்தை ஏற்று ஆணை பிறப்பித்தார். நூற்றாண்டு முடிவிலே வரும் ஆண்டுகளுள் 400 ஆல் வகுபடுவன மாத்திரமே 366 நாள் கொண்ட நெட்டாண்டுகள் என்பது அதன் சாரம். ஆகையினாலேதான் 1900 நெட்டாண்டன்று, 2000 நெட்டாண்டாயிற்று.

கணக்குச் சரியாயினும் மனங்கள் இணங்கவில்லை. சமயப் பிணக்கு மிகுந்த அக்காலத்தில், பாப்பரசரின் ஆணை என்பதற்காகவே பல நாடுகள் அதனை மறுத்தன. இங்கிலாந்து 1752 இலும் ரஷ்யா 1918 இலுமே அதனை ஏற்றன. 1917 ஆம் ஆண்டின் ஒக்டோபர்ப் புரட்சி நவம்பர் 7 இல் நினைவுகூரப்படுவதும் இத்தாமதத்தினாலேயே.

அந்த ரஷ்யாவை உள்ளடக்கிய சோவியத் ஒன்றியமே 1957 ஒக்டோபர் 4 இல், உலகின் முதற் செயற்கைத் துணைக்கோளாகிய ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. மொஸ்கோவில் அப்போது இரவு 10.28 மணி, நம் இலங்கையிலோ நள்ளிரவு கடந்து 5 ஆம் திகதி பிறந்துவிட்டது. 58 சென்ரிமீற்றர் விட்டமும் 83.6 கிலோகிராம் எடையுமுடைய அவ்வுலோகக் கோளம், 96 நிமிடத்துக்கொரு முறை பூமியை வலம் வந்தது. மூன்று வாரம் அது எழுப்பிய ஒலியைப் பல நாட்டினரும் வானொலிக் கருவிகளிலே கேட்டனர். வியப்போடு அச்சமும் பிறந்தது. ஏனெனில், அதனைச் சுமந்து சென்றது கண்டம் விட்டுக் கண்டம் பாயவென அமைக்கப்பட்ட ஏவுகணையே.

பத்தாண்டு கழிந்து, 1967 ஒக்டோபர் 10 இல் விண்வெளி உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. சந்திரனை எந்நாடும் தனதெனக் கொள்ளலாகாது; அணுவாயுதங்களைப் பூமியைச் சுற்றும் பாதையில் நிறுத்தலாகாது என அது விதித்தது. இவ்விரு நாள்களையும் எல்லையாகக் கொண்டே, 1999 இல் ஐக்கிய நாடுகள் சபை ஒக்டோபர் 4 முதல் 10 வரையுள்ள நாள்களை உலக விண்வெளி வாரமாக அறிவித்தது.

பத்து நாளைத் திருத்துவதற்கு உலகிற்கு மூன்று நூற்றாண்டுக்கு மேல் வேண்டியிருந்தது. விண்வெளியைப் பொதுவெனக் கொள்ளப் பத்தாண்டு போதியதாயிற்று. வானத்தை அளப்பது அறிஞர் பணி; அளந்ததை ஏற்று ஒன்றுபடுவது மக்கள் அனைவரின் பணி. ஒக்டோபர் 4 ஆம் திகதி வரும்போதெல்லாம் அதனை நாம் நினைவிற் கொள்வோமாக.