ஆபத்து குறைவு, இறப்பு அதிகம்: வளரும் நாடுகளின் இதய நோய்ச் சுமை

இதய நோய் 'பணக்கார வியாதி' என்னும் எண்ணம் பேச்சில் மட்டுமன்றித் திட்டமிடலிலும் தங்கிவிட்டது. தொற்றுநோய்கள் பின்வாங்கும்போது நாட்பட்ட நோய்கள் அவ்விடத்தைப் பிடிக்கும் என்று அப்தெல் ஓம்ரான் 1971-இல் கூறினார். அதை மேலோட்டமாகப் படித்தால், வசதி பெருகப் பெருக இதய நோயும் பெருகும், அதே வசதி சிகிச்சைக்கும் வழிசெய்துவிடும் என்று தோன்றும். ஆனால், வரவிருக்கும் சுமையைப் பெரிதும் தீர்மானிக்கப் போவது வசதியன்று, தொடர் சிகிச்சையின் பற்றாக்குறையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

2019-இல் இதய, இரத்தநாள நோய்களால் உலகில் 1.79 கோடிப் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இவ்விறப்புகளில் முக்கால் பங்குக்கும் மேல் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் நேர்ந்தவை. அங்கு மக்கள்தொகையே அதிகம் அல்லவா என்று கேட்கலாம். 17 நாடுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த 'பியூர்' ஆய்வு (2014) இதற்கு விடை தருகிறது. புகைத்தல், இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியவற்றைச் சேர்த்துக் கணித்த ஆபத்து மதிப்பெண் செல்வ நாடுகளில்தான் உயர்ந்திருந்தது. ஆயினும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் ஏழை நாடுகளிலேயே மிகுதி. ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்குச் செல்வ நாடுகளில் 3.99, ஏழை நாடுகளில் 6.43. இதய நோய் தாக்கியபின் இறந்தோர் செல்வ நாடுகளில் 6.5 விழுக்காடு, ஏழை நாடுகளில் 17.3. ஆபத்து குறைந்த இடத்தில் சாவு கூடுகிறது என்றால், இடைவெளியை மருத்துவத்தில்தான் தேட வேண்டும்.

அவ்விடைவெளி எங்கே என்பதையும் இதே ஆய்வுக் குழு 2011-இல் காட்டியது. ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்களுள், மறுதாக்குதலைத் தடுக்கும் மருந்துகளில் ஒன்றையும் உட்கொள்ளாதோர் ஏழை நாடுகளில் 80 விழுக்காடு, செல்வ நாடுகளில் 11. ஆஸ்பிரின், ஸ்டாட்டின் போன்ற இவை புதுமையானவையோ காப்புரிமைக்குள் அடைபட்டவையோ அல்ல.

ஆபத்துக் காரணிகளும் பெருகத்தானே செய்கின்றன என்பது நியாயமான மறுப்பு. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு (2004), முதல் மாரடைப்பின் ஆபத்தில் 90 விழுக்காட்டை ஒன்பது காரணிகளே விளக்குவதாகக் கண்டது. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், பிறரைவிட ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. உழைக்கும் வயதில் விழுபவரோடு குடும்பத்தின் வருமானமும் விழுகிறது. எனவே புகையிலைக் கட்டுப்பாடும் உப்புக் குறைப்பும் தவிர்க்க இயலாதவை. எனினும் தடுப்பும் சிகிச்சையும் எதிரெதிர்த் துருவங்கள் அல்ல. உயர் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை சிகிச்சையும்தான், மாரடைப்புத் தடுப்பும்தான். ஆனால் அந்த அழுத்தம் வலிப்பதில்லை. வலிக்காத நோய்க்கு ஆயுள் முழுதும் மாத்திரை வாங்குவதைக் கூலி குறைந்த மாதத்தில்தான் முதலில் நிறுத்துவார்கள்.

தமிழ்நாட்டின் இரு திட்டங்கள் இவ்வகையில் கவனத்துக்குரியவை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. 2023-இன் 'இதயம் காப்போம்' திட்டம், மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றின் முதல் வேளையைத் தருகிறது. இரண்டுமே எளிய மாத்திரையை உரிய நேரத்தில் உரியவரிடம் சேர்க்கும் ஏற்பாடுகள். அவற்றை அளக்கும் கோல் எத்தனை வீடுகளுக்குச் சென்றோம் என்பதாக இருக்கக்கூடாது. இம்மாதம் மாத்திரை பெற்றவர் அடுத்த ஆண்டும் அதை விழுங்குகிறாரா, அவரது அழுத்தம் கட்டுக்குள் உள்ளதா என்பதே சரியான கேள்வி. வளரும் நாடுகள் இதைத் தம் கணக்கேட்டில் எழுதத் தொடங்கினால், வருங்காலச் சுமை பற்றிய கணிப்புகள் விதியாக நிலைபெறமாட்டா.