தனிமனிதப் பொறுப்பு (விவிலியம்)

ஒவ்வொரு மனிதரும் தம் செயல்களுக்குத் தாமே கடவுள்முன் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற விவிலியப் போதனை. இதன் விரிவான வடிவம் எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தில் உள்ளது.

கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்ட யூதர்கள், முன்னோர் தின்ற புளித்த திராட்சையால் தங்கள் பல் கூசுவதாகப் பழமொழி சொல்லிவந்தனர். கேபார் ஆற்றங்கரையில் அவர்களிடையே வாழ்ந்த இறைவாக்கினர் எசேக்கியேல் இதை மறுத்தார். நீதிமானான தந்தை, கொடியவனான மகன், நேர்மையுள்ள பேரன் என மூன்று தலைமுறைகளைக் காட்டி, தந்தையின் நன்மை மகனைக் காக்காது, மகனின் குற்றம் பேரனைச் சேராது என்றார். ஒருவரின் சொந்தக் கடந்தகாலமும் அவரைக் கட்டிப்போடுவதில்லை: மனந்திரும்பும் தீயவன் பிழைப்பான், வழிதவறும் நீதிமான் வீழ்வான். அதிகாரத்தின் உயிர்நாடி இதுவே.

பிள்ளைகளுக்காகப் பெற்றோரையும், பெற்றோருக்காகப் பிள்ளைகளையும் கொல்லலாகாது என உபாகமம் 24:16 முன்பே விதித்திருந்தது. தன் தந்தையைக் கொன்றவர்களின் பிள்ளைகளை அரசன் அமத்சியா அதன்படியே உயிரோடு விட்டான் (2 இராஜாக்கள் 14). எனினும் விலக்கப்பட்ட பொருள்களைத் திருடிய ஆகானின் குற்றத்துக்கு அவன் குடும்பமும் அழிந்ததை யோசுவா 7 கூறுகிறது; முன்னோரின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிக்கப்படும் என்கிறது யாத்திராகமம் 20:5. இவ்விரு போக்குகளையும் ஒன்றாக்கிவிட முடியாது.

புதிய ஏற்பாட்டில் ரோமர் 14:12 இப்போதனையைத் தொடர்கிறது. ஒருவரின் பாவம் பிறரைச் சேருமா என்ற இக்கேள்வி பின்னரும் தொடர்ந்தது: ஆதாமின் பாவம் மனிதகுலத்தைப் பாதித்த விதம் குறித்து இறையியலாளர்கள் அகுஸ்தீன், பெலாகியுஸ் இருவருக்கும் இடையே 5ஆம் நூற்றாண்டில் விவாதம் எழுந்தது. 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாகியுஸின் கருத்துகளைக் கண்டித்தது.