நாலரை மடங்கு

ஓஸ்லோவின் புருசெத்தில் தொண்ணூறுகளில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் இன்று அப்பா அம்மாக்கள். அவர்கள் விளையாடிய சேகா மெகா டிரைவ் விளையாட்டுக் கருவியை இப்போது பெரிய தொலைக்காட்சியில் மாட்டினால், படம் பிசிறுகிறது. குறை விளையாட்டில் இல்லை, வகுத்தல் கணக்கில் இருக்கிறது. மெகா டிரைவின் படம் பெரும்பாலும் 320க்கு 224 பிக்சல். முழு எச்டி திரையிலோ 1080 வரிகள். வகுத்தால் 4.82. சில பிக்சல் வரிசைகளுக்கு ஐந்து வரி கிடைக்கும், சிலவற்றுக்கு நான்குதான். படம் அசையாதவரை இது அவ்வளவாக உறுத்தாது. நாயகன் எம்பிக் குதிக்கும்போதுதான் அவன் கண் தடித்தும் மெலிந்தும் துடிக்கிறது.

இதற்குத் தீர்வாகச் சொல்லப்படுபவை இரண்டு. ஒன்று, முழுஎண் மடங்கில் மட்டும் பெரிதாக்குவது. மற்றது, ஓரங்களை ஊகித்து வழவழப்பாக்கும் ஃபில்டர்.

முழுஎண் மடங்கு என்பது கண்டிப்பான முறை. நார்வேயின் செல்பு கையுறைகளில் வரும் எட்டிதழ்ப் பூவைப் பின்னுகிறவர் அதைப் பெரிதாக்க விரும்பினால் ஒரு கண்ணியை இரண்டாக்கலாம், மூன்றாக்கலாம். நாலரை கண்ணி பின்ன முடியாது. 224ஐ நான்கால் பெருக்கினால் 896. மேலும் கீழும் 92 வரிகள் கறுப்பாகக் கிடக்கும். ஐந்தால் பெருக்கினால் 1120. மேலே நான்கு, கீழே நான்கு பிக்சல் வரிசைகள் திரைக்கு வெளியே போகும். எனக்கு ஐந்து மடங்கே பிடித்தம். பழைய குழாய்த் தொலைக்காட்சிகளும் படத்தின் விளிம்பைச் சட்டத்துக்குள் மறைத்தவைதான். அன்றைய கலைஞர்கள் முக்கியமான எதையும் அங்கே வைப்பதைத் தவிர்த்தார்கள். 4கே திரையில் 2160 வரிகள் இருப்பதால் ஒன்பது மடங்கு தாராளமாக அடங்கும்.

ஃபில்டர் முறையின் கதை 1990களின் தொடக்கத்தில் லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தில் ஆரம்பிக்கிறது. பிசி கணினிக்காக 320க்கு 200 பிக்சலில் வரைந்த விளையாட்டுகளை மெக்கின்டாஷின் பெரிய திரைக்குக் கொண்டுபோக எரிக் ஜான்ஸ்டன் ஒரு வழி கண்டார். ஒவ்வொரு பிக்சலையும் நான்காகப் பிரி. மேலே இருப்பதும் இடப்பக்கம் இருப்பதும் ஒரே நிறமென்றால், மேல் இடது மூலைக்கு அந்த நிறத்தைக் கொடு. மற்ற மூலைகளுக்கும் அப்படியே. சாய்கோட்டின் படிக்கட்டு மழுங்கிவிடும். 2003இல் மாக்ஸிம் ஸ்டெபின் செய்த எச்கியூஎக்ஸ் சுற்றியுள்ள எட்டு பிக்சல்களையும் பார்த்து, 256 விதமான அமைப்புகளுக்கு விடை வைத்திருந்தது. புத்திசாலித்தனமான வேலை. பெரிய வளைவுகளில் அழகாகவும் இருக்கும். முகத்தில்தான் தோற்கிறது. ஒரே பிக்சலில் வைத்த கண்ணின் வெள்ளைப் பொட்டும், இரண்டு பிக்சலில் முடிந்த உதடும் கலைஞர் யோசித்து வைத்தவை. ஃபில்டர் அவற்றை ஓரமென்று எண்ணி உருட்டிவிடுகிறது.

இரண்டும் தடுமாறும் இடமும் உண்டு. 1991இல் வந்த முதல் சோனிக் விளையாட்டின் கிரீன் ஹில் கட்டத்து அருவி நெட்டுக்கோடுகளால் ஆனது. ஒரு பிக்சல் நீர், ஒரு பிக்சல் வெளி. சாதாரண வீடியோ கம்பி அந்தக் கோடுகளைக் கலங்கடித்து, பின்னால் இருப்பது தெரியும் நீராக்கியது. ஐரோப்பியத் தொலைக்காட்சிகளில் இருந்த ஸ்கார்ட் இணைப்பில் ஆர்ஜிபி கம்பியைச் செருகியவர்களோ அன்றே கோடுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆக, ‘அசல் படம்’ என்பது வீட்டுக்கு வீடு வேறு. முழுஎண் மடங்கு அந்தக் கோடுகளை ஐந்து மடங்கு தடிப்பாக்கிக் காட்டும். மூலைகளை மட்டும் பார்க்கும் ஃபில்டருக்கோ அதில் நீர் இருப்பதே தெரியாது. இங்கே உதவுவது பழைய கம்பியின் கலங்கலையே போலச்செய்யும் மூன்றாவது வழிதான்.

நார்வேத் தொலைக்காட்சிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஆர்கே தன் எச்டி ஒளிபரப்புக்கு 720 வரிகளைத் தேர்ந்தெடுத்தது. 4கே திரை அதை மூன்று மடங்காக்கும்போது வழவழப்பாக்குகிறது. பனிச்சறுக்குப் போட்டிக்கு அது நல்லது. 720இல் வரும் வீடியோ விளையாட்டுப் படத்துக்கும் அதையே செய்யும்போது, சுத்தமான மூன்று மடங்கு கைக்கெட்டியும் வாய்க்கெட்டாமல் போகிறது. விளையாட்டுக் கருவியிலேயே பெருக்கி முடித்து, திரையின் சொந்த அளவில் அனுப்புவதே சரி.

புதிதாக வரைகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நார்வேயின் டி-பேட் ஸ்டுடியோ ஏறத்தாழ ஒன்பது வருடம் உழைத்து 2016இல் வெளியிட்ட ‘அவுல்பாய்’ எச்டி காலத்திலேயே பிறந்த பிக்சல் ஓவியம். 2018இல் வந்த ‘செலஸ்ட்’ 320க்கு 180இல் வரையப்பட்டது: 720க்கு நான்கு மடங்கு, 1080க்கு ஆறு, 4கேக்குப் பன்னிரண்டு. இந்தத் திரைகள் எதிலும் மிச்சமில்லை. ஆனால் 180 வரிகளுக்குள் நாயகியின் முகத்துக்குக் கிடைப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய பிக்சல்கள்தான். இன்னும் கொஞ்சம் இடம் வேண்டுமென்று 270க்குப் போனால் 1080இல் நான்கு மடங்கு, 4கேயில் எட்டு. 720 திரை வைத்திருப்பவர் வீட்டில் மட்டும் 2.67.