இடம் தவறிய காகிதம்

லியோனார்ட் என்னென் (1820–1880) ஐந்து பாகங்களில் கொலோன் நகரத்தின் சரித்திரத்தை எழுதியவர். எக்கெர்ட்ஸுடன் சேர்ந்து தொடங்கி ஆறு தொகுதிகளில் அந்நகரின் மூல ஆவணங்களை அச்சேற்றியவர். இந்நூல்கள் அவர் பெயரைச் சுமக்கின்றன. 1857இல் நகர ஆவணக் காப்பாளராகப் பதவியேற்ற இந்தக் கத்தோலிக்கப் பாதிரியார் செய்த இன்னொரு காரியத்துக்கு அட்டையும் இல்லை, ஆசிரியர் பெயரும் இல்லை. இந்தக் கட்டு இன்னது, இதன் இடம் இது என்று நிர்ணயிக்கும் காரியம் அது. அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் சேர்ந்து இயற்றிய பிரதான நூல் இந்த வரிசைதான்.

ஹெர்மன் வைன்ஸ்பெர்க் என்ற பதினாறாம் நூற்றாண்டு நகர மன்ற உறுப்பினர் தன் உணவையும் உடையையும் வியாதிகளையும் வீட்டுச் சச்சரவுகளையும் பக்கம் பக்கமாக எழுதிவைத்தார். தன் குலத்தின் பிற்கால மூத்தோர் மட்டுமே படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். 1597இல் அவர் இறந்த பின் காகிதங்கள் நகரத்தின் வசம் போயின. இரண்டரை நூற்றாண்டுகள் கழித்து என்னென் கண்டெடுக்கும்வரை அவை இருந்தன. ஆனால் எவர் பிரக்ஞையிலும் இல்லை. இருப்பது வேறு, கிடைப்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கடப்பதுதான் காப்பாளனின் தொழில்.

இரண்டாம் உலகப் போரில் கொலோன் தரைமட்டமானது. முன்கூட்டியே வெளியூர்களுக்கு அகற்றப்பட்டிருந்ததால் ஆவணங்கள் தப்பின. குண்டுகள் செய்யாததை 2009 மார்ச் 3ஆம் தேதி சுரங்க ரயில் வேலை செய்தது. காப்பகக் கட்டிடம் பள்ளத்தில் சரிந்தது. பக்கத்து வீட்டில் இருந்த இரண்டு இளைஞர்கள் மாண்டார்கள். 922ஆம் ஆண்டிலிருந்து தொடங்கும் ஆவணங்களோடு ஹைன்ரிஹ் போலின் கையெழுத்துப் பிரதிகளும் சேற்றிலும் நிலத்தடி நீரிலும் கிடந்தன.

சுமார் முப்பது கிலோமீட்டர் நீள ஆவணங்களில் ஏறத்தாழ 95 சதவீதம் மீட்கப்பட்டது. இந்தக் கணக்கு ஆறுதலளிக்கிறது. அதனாலேயே ஏமாற்றவும் செய்கிறது. மீட்டவை மண்ணிலிருந்து வெளிவந்த வரிசையில் பெட்டிகளில் அடைக்கப்பட்டு ஜெர்மனியெங்கும் வேறு காப்பகங்களில் தஞ்சம் புகுந்தன. நனைந்தவை உறைய வைத்து உலர்த்தப்பட்டன. தன் கட்டிலிருந்து பிரிந்த கடிதத்துக்கு எழுதியவன் உண்டு; எதற்குப் பதிலாக எழுதினான் என்பது இல்லை. காகிதம் பிழைத்தது, வாக்கியம் சிதறிவிட்டது. 2021இல் புதுக் கட்டிடம் திறந்தாகிவிட்டது. சீரமைப்போ இன்னும் பல பத்தாண்டுகளுக்கான வேலை.

வரிசை நிரபராதியானது என்று நான் வாதிக்கவில்லை. எதை முன்னே வைப்பது, எதை இருட்டில் விடுவது என்று தீர்மானிப்பவனிடம் அதிகாரம் இருக்கிறது. நகரத்தின் காப்பகம் முதலில் நகரத்தை ஆண்டவர்களின் ஞாபகம். ஆனால் அந்த அதிகாரத்தை விசாரிக்கவும் அவனுடைய வரிசைதான் நமக்குக் கையில் உள்ள சாட்சி. எழுத்து தன் பலத்தாலேயே காலத்தை வெல்லும் என்ற நம்பிக்கை எழுதுகிறவர்களிடையே பரவலாக உண்டு. வைன்ஸ்பெர்க்கின் காகிதங்கள் அப்படி எதையும் வெல்லவில்லை. ஒரு சம்பள உத்தியோகஸ்தர் அவற்றைப் பிரித்துப் பார்த்தார், அவ்வளவுதான்.